எண்பது வெள்ளைச் சேலைகள்

பாலக்கரையில் எங்கள் சபைக்குப் பின்னால் பொட்டலம் கட்டும் அறை ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகும் எந்த அணியும் அங்கே உட்கார்ந்துதான் மருந்தையும் துணியையும் பெட்டிகளில் அடுக்கும். அரிசி, பருப்பைப் போகிற இடத்தில் வாங்கிக்கொள்வோம். அந்த அறைக் கதவின் உட்புறத்தில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது. எதை அடியில் வைப்பது, எதை மேலே வைப்பது, எதைக் கொண்டுபோகவே கூடாது என்று பதினாலு வரி. ஒன்பதாவது வரி இது: சேலை பழசானாலும் சரி, கிழிசல் கூடாது, வெள்ளை கூடவே கூடாது.

போன மாதம் புது அணி ஒன்று மூட்டை கட்டக் கூடியிருந்தது. நான் வேலையை விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்தில் மகள் வீட்டோடு இருக்கிறேன். எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. காலையில் காவிரிப் பாலத்தைத் தாண்டி நடந்தே பாலக்கரைக்குப் போய்விடுவேன். அன்றைக்கும் போனேன். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண் பட்டியலைப் படித்துவிட்டு, "அங்கிள், மத்ததெல்லாம் புரியுது. வெள்ளை ஏன் கூடாது? நம்ம சபையில நல்ல சேலைன்னாலே அதுதானே?" என்று கேட்டார்.

அந்த வரியை எழுதியவர் ஞானமுத்து ஐயா, எங்கள் சபையின் முன்னாள் போதகர். அவரைக் கேட்டால் தன் தப்பை மட்டும் சொல்வார், என் தப்பை விட்டுவிடுவார். அதனால் சபைப் பத்திரிகைக்கு நானே எழுதிக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. அப்பா போன பிறகு உறையூரில் ஒரு சாயப்பட்டறையில் நாலு வருஷம் நூலுக்குச் சாயம் போட்டேன். மணிக்கட்டு வரைக்கும் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். ஒரே இடத்தில் நிற்க முடியாமல் லாரியில் கிளீனராகப் போனேன். நாக்பூர் வரை போயிருக்கிறேன். என்னை இறக்கிவிட்டுவிட்டு லாரி மட்டும் கிளம்பிப்போன ஊர்களும் உண்டு. பிறகு திருவெறும்பூரில் ஒரு கேன்டீனில் காய் நறுக்கினேன். அங்கே சமையல் பிடிபட்டது. அதை வைத்து வளைகுடாவில் கட்டட வேலைக்காரர்கள் முகாம் ஒன்றில் மூன்று வருஷம் முந்நூறு பேருக்குச் சமைத்தேன். முகாம் மூடியதும் திரும்பி வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சபையின் கன்வென்ஷன் கூட்டத்துக்குச் சமைக்கக் கூப்பிட்டார்கள். மூன்றாம் நாள் ஐயா அடுப்படிக்கு வந்தார். சாம்பார் நன்றாக இருக்கிறது என்றெல்லாம் சொல்லவில்லை. "பாஸ்போர்ட் இருக்கா?" என்றுதான் கேட்டார். இருக்கிறது என்றேன். அடுத்த மாதம் கென்யா போகிறோம், சமைக்க ஆள் வேண்டும், வருகிறீர்களா என்றார். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்த ஒரே சான்றிதழ் அந்தப் பாஸ்போர்ட்தான். பதினெட்டு வருஷம் அந்த வேலையிலேயே இருந்தேன். நான் ஓரிடத்தில் அத்தனை வருஷம் இருந்ததற்குக் காரணம், அந்த வேலை ஓரிடத்தில் இல்லாததுதான்.

நான் எந்தச் சாமியைக் கும்பிடுகிறேன் என்று ஐயா கேட்டதில்லை. ஏழாவது வருஷம் நானாகப் போய் ஞானஸ்நானம் வேண்டும் என்றேன். "என்ன அவசரம்?" என்றார். மூன்று மாதம் யோசிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஐயா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்துவிட்டுப் போதகர் ஆனவர். ஒல்லி உடம்பு. எந்த ஊரில் இருந்தாலும், மழையோ புழுதியோ, காலையில் சவரம் செய்யாமல் வெளியே வர மாட்டார். ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் சொல்வார். ஸ்பேனரை எடுத்த இடத்தில் வைக்கும் பழக்கம் ஊழியத்திலும் இருந்தது. எந்த நாட்டில் போய் இறங்கினாலும் வேலைக்கு ஒரே வரிசை. முதலில் கக்கூஸ் குழி, அப்புறம் குடிதண்ணீர், அப்புறம் அடுப்பு, அப்புறம் மருந்து மேஜை. பிரசங்கம் கடைசி. முதல் கடப்பாரையை அவரேதான் போடுவார். குழி தோண்டாதவன் பிரசங்க மேடையில் ஏறக் கூடாது என்பது அணியில் எழுதாத சட்டம். மருத்துவக் கல்லூரி முடித்த டாக்டர் தம்பிகள்கூடத் தோண்டியிருக்கிறார்கள்.

இன்னொரு சட்டமும் உண்டு. பொருள் கொடுப்பது காலையில். ஜெபக் கூட்டம் சாயங்காலம். இரண்டையும் ஒன்றாக வைக்க விட மாட்டார். கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு மட்டும் டோக்கன் கொடுக்கும் வேறு அணிகளைப் பார்த்திருக்கிறோம். அப்படிச் செய்தால் கூட்டம் நிறையுமே என்று எங்களில் ஒருவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "சோத்துக்கு நடுவுல சுவிசேஷத்தைச் சொருகாதீங்க. ரெண்டும் கெட்டுப்போயிடும்" என்றார் ஐயா. பையை இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது போட்டோ எடுக்கக் கூடாது. எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் நாங்கள் சாப்பிட வேண்டும். கடைசிச் சட்டத்தால் சமையல்காரனாகிய நான் பல நாள் பழைய சோறு சாப்பிட்டிருக்கிறேன். அதில் குறை ஒன்றும் இல்லை.

இனி சேலைக் கதை.

இலங்கையில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஒரு வாரம் விடாமல் மழை பெய்து, மலைச் சரிவு பெயர்ந்து லயங்கள் மேல் விழுந்துவிட்டது. லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். பிழைத்த எண்பது குடும்பங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருப்பதாகவும், கட்டியிருந்த துணியைத் தவிர எதுவும் இல்லை என்றும் அங்குள்ள ஒரு சபையிலிருந்து தகவல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஐயா பிரசங்க மேடையிலிருந்து, குடும்பத்துக்கு ஒரு சேலை வேண்டும், நாம் கட்ட மாட்டோம் என்று ஒதுக்கியதைக் கொடுக்காதீர்கள், நாம் கட்டுவதில் நல்லதாகக் கொடுங்கள் என்று சொன்னார். எங்கள் சபையில் பெண்கள் திருவிருந்து அன்று வெள்ளைச் சேலைதான் கட்டுவார்கள். நகை, பூ, பொட்டு கிடையாது. பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கும் நல்ல சேலை அதுதான். சொன்னபடியே கொடுத்தார்கள். எண்பதும் வெள்ளை. சிலதில் மெல்லிய கரை, சிலதில் சின்னப் பூவேலை. எல்லாம் துவைத்துப் பெட்டி போட்டு வந்தன.

அவற்றைப் பெட்டியில் அடுக்கியவன் நான். முதல் சேலையைத் தொட்டதுமே என் கை நின்றது. எங்கள் அப்பா செத்தபோது மாமா கொண்டுவந்து அம்மாவுக்குப் போட்டது இதே வெள்ளைதான். அதற்குப் பிறகு அம்மா வேறு நிறம் கட்டி நான் பார்த்ததில்லை. அந்தத் தோட்டத்து ஜனங்களில் பெரும்பாலோர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள் என்பதும் எனக்குத் தெரியும். சொல்லலாமா என்று நினைத்தேன். ஏழாம் வகுப்புக்காரன் எதற்கு வாயைத் திறப்பது என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதைப் பணிவு என்று சொல்லிவிடலாம். உண்மையில் சோம்பல். சொன்னால் எண்பதையும் பிரித்துத் திருப்பிக் கொடுத்து, மறுபடி சேகரிக்க வேண்டும். மறுநாள் விமானம். பெட்டியை மூடிக் கயிறு கட்டிவிட்டேன்.

திருச்சியிலிருந்து கொழும்புக்குப் பறக்க ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். அங்கிருந்து வேனில் மலை ஏற ஒரு பகல் முழுவதும் ஆனது. போனதும் குழி தோண்டினோம், தண்ணீர் டேங்க் வைத்தோம், அடுப்பு மூட்டினோம். நர்ஸ் ஜெனிட்டா பள்ளிக்கூட வராந்தாவில் மருந்து மேஜையைப் போட்டார். ஜெனிட்டாவுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். வாய் கொஞ்சம் துடுக்கு, கை மெத்து.

தோட்டத் தொழிலாளர்களின் தலைவர் முனியாண்டிதான் எங்களுக்கு எல்லா உதவியும் செய்தார். அவருடைய பாட்டனார் துறையூர்ப் பக்கத்திலிருந்து போனவராம். திருச்சி என்றதும், மலைக்கோட்டை எப்படி இருக்கிறது என்று சொந்தக்காரரை விசாரிப்பது போல விசாரித்தார். அப்படியே இருக்கிறது என்றேன். "நல்ல மலைங்க அது. இருக்கிற எடத்துல இருக்கு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவருடைய அண்ணன் குடும்பம் மண்ணுக்குள் போயிருந்தது என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

மூன்று பேர் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. மண்வாரி இயந்திரம் தினமும் தோண்டிக்கொண்டிருந்தது. அந்த மூன்று பேரில் ஒருவர் ராமையா. அவர் மனைவி பூமணி, நாற்பது வயதுக்காரர், சரிவுக்கு எதிரே பள்ளிக்கூட வராந்தாவை ஒட்டிய ஒரு கல்லில் உட்கார்ந்து இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஓடி வரும்போது கூரைத் தகரம் கிழித்து வலது கால் பாதத்தில் ஆழமான காயம். மண் சேற்றோடு ஒரு வாரம் இருந்திருக்கிறார். நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் மாட்டேன் என்றார். அந்தாள் வரும்போது நான் இங்கே இருக்க வேண்டும் என்றார். முதல் நாள் ஜெனிட்டா அந்தக் கல்லுக்கே போய்க் காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டார். தினமும் கட்டு மாற்றியே ஆக வேண்டும், விட்டால் காலே போய்விடும் என்று எங்களிடம் சொன்னார்.

மறுநாள் காலை பை கொடுத்தோம். அரிசி, பருப்பு, சோப்பு, மேலே மடித்த சேலை. ஐயா ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் கொடுத்தார். பூமணி எழுந்து வர முடியாததால் அவருடைய பையை நான் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன்.

அவர் சேலையை ஒரு மடிப்புப் பிரித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னண்ணே இது? அவரு மண்ணுக்குள்ள கெடக்காருன்னு நீங்க பாத்தீங்களா? பாக்காம எப்படி இதக் கொண்டாந்து மடியில வக்கிறீங்க?"

குரல் உயரவில்லை. ஆனால் வராந்தாவில் இருந்த அத்தனை பெண்களுக்கும் கேட்டது. அதுவரை கையில் பையோடு தயங்கி நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து பைகளைப் படிக்கட்டில் வைத்தார்கள். வீசவில்லை, திட்டவில்லை. அரிசியையும் வைத்துக்கொள்ளவில்லை. அரை மணி நேரத்தில் எண்பது பையும் வரிசையாகப் படிக்கட்டில் இருந்தன. மேலே எண்பது வெள்ளை.

முனியாண்டி ஐயாவிடம் வந்து, நீங்கள் நல்ல மனசோடுதான் செய்தீர்கள், அது எங்களுக்குத் தெரியும், ஆனால் தாலி கட்டிய பெண்களுக்கு இதைக் கொடுத்துவிட்டீர்கள், இனி இந்த வராந்தாவில் யாரும் ஏற மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியே ஆனது. அன்று பகல் மருந்து மேஜைக்கு ஒருவரும் வரவில்லை. ஜெனிட்டா பெட்டியோடு கல்லுக்குப் போனபோது பூமணி பாதத்தைச் சேலைக்குள் இழுத்து மூடிக்கொண்டார். சாயங்காலக் கூட்டத்துக்குப் போட்ட பாயில் நாங்கள் ஐந்து பேர்தான் இருந்தோம்.

திரும்பி வந்த ஜெனிட்டா சொன்னது ஞாபகம் இருக்கிறது. "காத்துல வாடை வருதுய்யா. நாளைக்குள்ள தொறந்து சுத்தம் பண்ணலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. காலை எடுக்கறாப்ல ஆயிடும்."

ஐயா கொஞ்ச நேரம் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அடுப்படிக்கு வந்து, நான் பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு செங்கல்லைப் போட்டு உட்கார்ந்தார்.

"மாணிக்கம், இது நமக்குத் தெரியாத விஷயமா? எனக்கும் தெரியும், குடுத்த பொம்பளைங்க அத்தனை பேருக்கும் தெரியும். எல்லாரும் ஞாயித்துக்கிழமைக் கண்ணால பாத்துட்டோம்."

நான் சும்மா இருந்திருக்கலாம். அவர் பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டுவிட்டார். ஆனால் படிக்கட்டில் இருந்த அரிசியைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

"எனக்குக் கட்டும்போதே தோணுச்சுங்கய்யா" என்றேன்.

"சொல்லலியே?"

"நாளைக்கு ஃப்ளைட்டாச்சேன்னு விட்டுட்டேன்."

அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். பாத்திரத்தில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையை நகத்தால் சுரண்டிப் போட்டார். "உங்களைச் சமைக்க மட்டும் கூட்டிட்டு வரல. எனக்குத் தெரியாத பத்து ஊரு உங்களுக்குத் தெரியும். தோணுனா சொல்லணும். பிளேன் கிளம்பிட்டாலும் சொல்லணும்" என்றார். அவ்வளவுதான். மறுபடி அதை எடுத்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் சவரம் செய்துகொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, ஜனங்கள் இருந்த வகுப்பறைகளுக்கு முன்னால் போய் நின்றார். நானும் கூடப் போனேன். தப்பு எங்களுடையது, யோசிக்காமல் செய்துவிட்டோம், மன்னிக்க வேண்டும் என்று கேட்டார். வசனம் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் முனியாண்டிதான், சரி ஐயா, அந்தச் சேலைகளை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார்.

"சாயம் போட்டுத் தர்றேன்" என்றேன். ஐயாவைக் கேட்காமலே வந்துவிட்டது.

"யாரு, நீங்களா?" என்றார் முனியாண்டி. "முந்தாநாளு சாம்பாருக்கே கலரு வரலியேண்ணே."

பின்னால் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் போதுமானதாக இருந்தது.

வேனை எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போனேன். அங்கே முஸ்லிம் கடைக்காரர்களை 'நானா' என்று கூப்பிடுவார்கள். ஜவுளிக்கடை நானா ஒருவரிடம் சாயப்பொடி இருந்தது. சிவப்பும் பச்சையும் மட்டும். இருந்ததை முழுவதும் வாங்கினேன். கூடவே சலவைச் சோடாவும் ஒரு மூட்டைக் கல்லுப்பும். ஒரு பெரிய அண்டா சாயத்துக்குப் போனது. சாயம் காய்ச்சிய அண்டாவில் பிறகு சோறு வடிக்கக் கூடாது. மீதி நாளெல்லாம் இருந்த ஒரே அண்டாவில் இரண்டு தடவையாக வடித்தேன்.

முதலில் எந்தச் சேலை சாயம் பிடிக்கும் என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் முந்தானை ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியால் கொளுத்தினேன். பஞ்சு நூல் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி மணி போலச் சுருண்டுகொள்ளும். இந்தச் சாயம் அதில் ஏறாது. ஐம்பத்திரண்டு சேலை பருத்தியாகத் தேறியது. மீதி இருபத்தெட்டையும் ஐயா கிழிக்கச் சொல்லிவிட்டார். மருந்து மேஜையைச் சுற்றி மறைப்பாகக் கட்டினோம். அந்த இருபத்தெட்டுக் குடும்பத்துக்கும் நானா கடையில் பூப்போட்ட சேலை எடுத்தோம்.

பருத்திச் சேலையைச் சோடா கலந்த வெந்நீரில் அலசிக் கஞ்சியை எடுக்க வேண்டும். கஞ்சி இருந்தால் சாயம் திட்டுத் திட்டாக நிற்கும். பொடியை நேராக அண்டாவில் கொட்டக் கூடாது. கிண்ணத்தில் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கூழாகக் குழைத்து, துணியில் வடிகட்டி ஊற்ற வேண்டும். சேலை உள்ளே போனதிலிருந்து கழியை நிறுத்தக் கூடாது, புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கால் மணி கழித்து உப்பு, அதையும் மூன்று பங்காகப் பிரித்து. உப்புதான் நிறத்தை நூலுக்குள் தள்ளும். அவசரப்பட்டு முதலிலேயே போட்டால் மேலாக ஒட்டிக்கொண்டு முதல் துவைப்பிலேயே போய்விடும். நாற்பது வருஷமாகச் செய்யாத வேலை. கை மறக்கவில்லை.

பச்சையில் இரண்டு தடவை போட்டு எடுத்து முடிப்பதற்குள் பெண்கள் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்கள். முதலில் வேடிக்கை. பிறகு, "அண்ணே, அந்த ஓரம் வெளுப்பாத் தெரியுது" என்று குறை சொல்ல ஆரம்பித்தார்கள். குறை சொன்னவரிடமே கழியைக் கொடுத்தேன். ஓடையில் அலசும்போது ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்தார்கள். யாருக்கு எது என்று அங்கேயே சண்டையும் நடந்தது.

அண்டாவைக் கழுவிச் சிவப்புக்கு மாறியபோது ஐயா சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து கழியை வாங்கினார். நான் ஒவ்வொரு சேலையாக எடுத்து நீட்டினேன். மெல்லிய வெள்ளி ஜரிகைக் கரை போட்ட ஒன்றைக் கையில் வாங்கியவர் அப்படியே நின்றார்.

"இது எங்க வீட்டுது" என்றார். மகள் கல்யாணத்துக்கு எடுத்ததாம். அவர் மனைவி, எங்களுக்குப் பாஸ்டரம்மா, அதை இரண்டோ மூன்றோ தடவைதான் கட்டியிருக்கிறார்.

தனியாக எடுத்து வைத்துவிடட்டுமா என்று கேட்டேன். "எடுத்து வைக்கறதுக்கா குடுத்தா?" என்று சொல்லி அவரே அண்டாவில் போட்டுக் கழியால் அமுக்கினார். ஜரிகையில் சாயம் ஏறாது. சேலை நல்ல குங்குமச் சிவப்பாகி வெளியே வந்தபோது அந்த வெள்ளிக் கோடு முன்னைவிட எடுப்பாக இருந்தது. ஈரமாகத் தூக்கிப் பிடித்ததும் பெண்கள் கிட்டே வந்து பார்த்தார்கள். அதற்கும் சண்டை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. முனியாண்டியின் மனைவி அதை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் கேட்காமல், காய்ந்ததும் நேராகக் கல்லுக்கு எடுத்துப் போனார். நான் இருபதடி பின்னால் நின்றேன். பக்கத்தில் போகப் பயமாக இருந்தது.

பூமணி சேலையை வாங்கி வெகுநேரம் கரையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"சாயம் போவுமாண்ணே?"

"மொத ரெண்டு தண்ணி போகும்மா. அப்புறம் போகாது."

"போவாதுல்ல?"

"நான் போட்டது. போகாது."

அவர் முனியாண்டியின் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உள்ளே போய் அதைக் கட்டிக்கொண்டு, நெற்றியில் பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டு, நொண்டியபடியே மருந்து மேஜைக்கு வந்தார். வெள்ளை மறைப்பைப் பார்த்து ஒரு கணம் நின்றார். ஜெனிட்டா எழுந்து அந்தப் பக்கத்துத் துணியை அவிழ்த்துக் கீழே போட்டார்.

கட்டைப் பிரித்தபோது வந்த வாடையை நான் எழுதப் போவதில்லை. குதிகாலை நான் பிடித்துக்கொண்டேன். செத்த சதையை வெட்டி எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மரப்பு ஊசி முழுவதும் வேலை செய்யவில்லை. பூமணி சத்தம் போடவில்லை. ஜெனிட்டாதான் ஒவ்வொரு வெட்டுக்கும், இதோ முடிந்தது, இதோ முடிந்தது என்று பொய் சொல்லிக்கொண்டே இருந்தார். "நீங்க அரை மணியா இதயேதான் சொல்றீங்க, தாயி" என்றார் பூமணி. சின்ன விரல் கறுத்திருந்தது. அதற்கு ஆஸ்பத்திரிதான் வழி.

அவர் மறுபடி மாட்டேன் என்றார். இந்தத் தடவை முனியாண்டி ஒரு வழி சொன்னார். தானே அந்தக் கல்லில் உட்காருவதாகவும், இயந்திரம் நிற்கும் வரை எழுந்திருக்க மாட்டேன் என்றும், எது தெரிந்தாலும் முதல் போன் அவருக்குத்தான் என்றும் வாக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் பூமணி வேனில் ஏறினார். முனியாண்டி சொன்னபடி, இயந்திரம் நிற்கும் வரை நான்கு நாளும் அங்கேயே இருந்தார். அவருக்குச் சாப்பாட்டை அந்தக் கல்லுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். சாம்பாரின் நிறத்தைப் பற்றி அவர் பேசவில்லை.

ராமையா கிடைக்கவே இல்லை. தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

கிளம்புவதற்கு முந்திய சாயங்காலம் கூட்டம் வைத்தோம். முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். சிவப்பும் பச்சையும் பூப்போட்டதுமாகப் பாய் நிறைந்திருந்தது. ஐயா பத்து நிமிஷம்தான் பேசினார். வந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் மேல் வருத்தம் இல்லை என்று காட்டத்தான் வந்தார்கள் என்று எனக்குத் தோன்றியது. அதுவும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

திருச்சி திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, பயண அறிக்கை சொல்ல ஐயா மேடையேறினார். நடந்த தப்பை ஒன்றுவிடாமல் சபைக்குச் சொன்னார். என் பெயரை மட்டும் எங்கேயும் சொல்லவில்லை. சபை மூப்பர் ஒருவர் வழக்கம்போல, இந்தப் பயணத்தில் எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள் என்று கேட்டார். ஐயா, "ஒரு கால்" என்றார். சபையில் சிலர் சிரித்தார்கள். மூப்பர் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே ஐயா அந்தப் பட்டியலில் ஒன்பதாவது வரியைச் சேர்த்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் பெட்டியைக் கட்டும் முன் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "ஏதாச்சும் தோணுதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார். பாதி நாள் ஒன்றும் தோன்றாது. தோன்றியபோது சொன்னேன்.

ஏழெட்டு மாதம் கழித்து முனியாண்டி என் போனுக்கு ஒரு போட்டோ அனுப்பினார். புது வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதன் வாசலில் பூமணி நிற்கிறார். அதே சிவப்புச் சேலை, பொட்டு. கணவர் இறந்ததாக அரசாங்கம் காகிதம் கொடுத்துவிட்டதாம், அதை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டாராம். பொட்டைப் பற்றித் தோட்டத்தில் யாரும் அவரிடம் பேசுவதில்லை என்று முனியாண்டி எழுதியிருந்தார்.

அந்தப் போட்டோவை எடுத்துக்கொண்டு ஐயா வீட்டுக்குப் போனேன். ஐயா வெளியே போயிருந்தார். பாஸ்டரம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். தன் சேலை என்ன ஆனது என்று அவர் அதுவரை யாரையும் கேட்டதில்லை. போனை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலில் சேலையைப் பார்க்கவில்லை. விரலால் பெரிதாக்கிப் பாதத்தைத்தான் பார்த்தார்.

"கால் ரெண்டும் இருக்குல்ல?"

"இருக்கும்மா. ஒரு வெரல் மட்டும் எடுத்துட்டாங்க. நல்லா நடக்கறாங்களாம்."

அதற்குப் பிறகுதான் மேலே நகர்த்திச் சேலையைப் பார்த்தார். கரையைப் பார்த்துத் தன்னுடையது என்று தெரிந்துகொண்டார். அவர் கல்யாணமான நாளிலிருந்து வெள்ளையும் சந்தனமும் தவிர வேறு நிறம் கட்டி யாரும் பார்த்ததில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"செவப்பு எனக்கும் நல்லாத்தான் இருந்திருக்கும், மாணிக்கம்" என்று சொல்லிவிட்டு, காபி போட உள்ளே போனார்.